மூன்று எட்டு தெற்கே

ஆவரநேந்தலில் காலண்டர் தொங்காத வீடு கிடையாது. எல்லாம் அருப்புக்கோட்டைப் பருத்திக் கடைக்காரர்களும் வீரசோழன் தானியக் கடைக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தவை. நல்ல நேரம், கரிநாள், பல்லி விழும் பலன் எல்லாம் அதில்தான் பார்ப்பார்கள். விதைக்கிற நாளை மட்டும் பார்க்க மாட்டார்கள். அதை அருஞ்சுனை வீடு சொல்ல வேண்டும்.

அருஞ்சுனையின் ஐந்து ஏக்கர் கரிசல் காட்டில் மூன்று கற்கள் நிற்கின்றன. யார் நட்டது, எதற்கு நட்டது என்று யாருக்கும் தெரியாது. கிழக்கே இரண்டு நெட்டைக் கற்கள் ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அதற்கு வாசக்கல் என்று பேர். அங்கிருந்து மேற்கே அறுபது எட்டு எடுத்து வைத்தால் ஒரு குட்டைக் கல், தொடை உயரத்துக்கு, உச்சி சப்பையாக இருக்கும். அது குந்துகல். ஆவணி கடைசியிலிருந்து அந்த வீட்டின் மூத்த ஆண் தினமும் விடிவதற்கு முன்னால் போய்க் குந்துகல்லில் உட்கார்ந்து கிழக்கே பார்க்க வேண்டும். சூரியன் எழுகிற இடம் நாளுக்கு நாள் தெற்கே நகரும். புரட்டாசி ஆறாந் தேதியோ ஏழாந் தேதியோ அது வாசக்கல்லின் சந்துக்கு நடுவில் வந்து எழும். அவர் ஊருக்குள் வந்து "நாளாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் ஊரே ஏர் பூட்டும்.

வருஷா வருஷம் ஆறோ ஏழோதானே வருகிறது, காலண்டரிலேயே குறித்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள். முகூர்த்த நேரம் பத்திரிகையிலேயே போட்டிருக்கிறது, கெட்டிமேளம் எதற்கு என்று கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். குந்துகல்லில் வேறு யாரும் உட்காரவும் கூடாது. உட்கார்ந்தால் சாமி கண்ணைக் குத்தும் என்றெல்லாம் இல்லை. அது அந்த வீட்டு ஆளுடைய இடம், அவ்வளவுதான். அடுத்தவர் வாயில் போட்ட வெற்றிலையை நாம் மெல்லுவோமா?

இது புழுதியில் விதைக்கிற சீமை. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். முந்திப் போட்டால், இடையில் வருகிற ஒரு சில்லறை மழைக்கு விதை முளைவிட்டு, அப்புறம் அடிக்கிற வெயிலில் கருகிவிடும். பிந்திப் போட்டால் மழை இறங்கிவிடும், சகதியில் மாடு காலை எடுத்து வைக்காது. ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் ஒரு வருஷச் சாப்பாடு போய்விடும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணி இருபத்தைந்தாம் தேதி, திருச்சுழி பஸ்ஸிலிருந்து ஒரு டீச்சரம்மா இறங்கினார். பேர் ரேணுகாதேவி, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். பிறந்தது அருப்புக்கோட்டையில், தறி ஓட்டுகிற வீட்டில். தோளில் மூன்று கால் ஸ்டாண்டு, கையில் பெட்டி, அதற்குள் ஒரு தூரம் பார்க்கிற கருவி. இந்தக் கற்களைப் பற்றித் தன்னிடம் படிக்கிற பிள்ளை ஒருத்தி சொன்னதாகவும், சூரியனுக்கும் கற்களுக்கும் உண்மையிலேயே பொருத்தம் இருக்கிறதா என்று அளந்து எழுதப் போவதாகவும் சொன்னார்.

அருஞ்சுனையின் மனைவி முருகேஸ்வரிக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வெயிலில் நடந்து வந்து சிவந்திருந்த முகத்தைப் பார்த்து, "மொதல்ல சோத்தத் தின்னுட்டு அளங்க டீச்சரம்மா. கல்லு எங்கயும் ஓடிராது," என்றாள்.

அருஞ்சுனை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். தொட்டுக்கொள்ள கானப்பயற்றுத் துவையல். டீச்சரம்மா கூச்சப்படாமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"பொருத்தம் இருக்குன்னு எழுதுவீகளா?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"இருக்கலாம்னுதான் அக்கா எழுத முடியும்."

"இருக்கலாமா? நாங்க வருசா வருசம் அத நம்பித்தான வெதைக்கோம்."

"ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒரு சந்து இருந்தா, அது எங்கயாவது ஒரு திசையப் பார்த்துத்தானே இருக்கும்? சூரியனுக்காகவே பார்த்து நட்டாங்களா, இல்ல அது பாட்டுக்கு அமைஞ்சு பின்னாடி நாம பொருத்திக்கிட்டோமான்னு சொல்றது கஷ்டம். நூறு தடவை அளக்கணும். அப்பவும் இருக்கலாம்தான்."

"எங்க மாமனார் இருந்தா உங்களோட சண்டைக்கு வந்திருப்பாக," என்று சிரித்தாள் முருகேஸ்வரி.

மூன்று நாள் டீச்சரம்மா காட்டில் கிடந்தார். உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு முருகேஸ்வரிதான் பக்கத்தில் நின்றாள். நாடாவின் ஒரு முனையை அவள் வாசக்கல்லில் பிடித்துக்கொள்வாள், மறுமுனையோடு டீச்சரம்மா குந்துகல்லுக்கு நடப்பார். கருவியில் கண்ணை வைத்துப் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும் எழுதியதை அடிப்பதும்தான் வேலை. அருஞ்சுனை அந்தப் பக்கமே வரவில்லை. இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு ஊருணிப் பக்கமும் கண்மாய்ப் பக்கமும் சுற்றிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி யோசனையில் உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் இருந்தது.

எண்பத்து நான்காம் வருஷக் கோடையில் அவர் முதல் தடவையாக உழவுக்கு டிராக்டர் கூப்பிட்டார். அருப்புக்கோட்டை டிரைவர். வரப்புக்குச் சற்றுத் தள்ளி உழவுக்குள் நின்ற குந்துகல்லைக் கலப்பையின் கொழு இடித்தது, கல் சாய்ந்துவிட்டது. அன்று ஊரில் பாதிப் பேர் திருச்சுழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பழையபடி நட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் டிரைவர், "இது எதுக்குங்க நடுவுல இடைஞ்சலா? வரப்போரமா நட்டுட்டா அடுத்த வருசம் வண்டி ஒரே ஓட்டமா ஓடும்ல," என்றான். சங்கிலியைக் கட்டி டிராக்டரை வைத்து இழுத்து, மூன்று எட்டு தெற்கே, வரப்பை ஒட்டிக் குழி தோண்டி நட்டார்கள். மூன்று எட்டுதானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று அருஞ்சுனை நினைத்தார். பழைய குழியின் மேல் டிராக்டர் இரண்டு தடவை ஓடியதும் மண்ணெல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டது. கல் வரப்போரம் நிற்பதைப் பின்னால் பார்த்தவர்கள் வரப்புதான் நகர்ந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கரிசலில் வரப்பு ஒரு இடத்தில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது.

அந்த வருஷம் ஆவணி முப்பதிலேயே சூரியன் சந்தில் வந்து நின்றது. அருஞ்சுனைக்கே திக்கென்றது. இருந்தாலும் கண்ணால் கண்டதைத்தானே சொல்ல வேண்டும் என்று போய், "நாளாச்சு" என்றார். ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது. கல் சொன்னால் சரி என்று மறுநாள் ஏர் பூட்டியது. விதைத்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மழை. ஊரே சந்தோஷப்பட்டது. அப்புறம் பதினெட்டு நாள் வெயிலும் காற்றும். முளைத்த சோளமும் பருத்தியும் குச்சி குச்சியாகக் கருகி நின்றன. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அந்த மழை வெறும் மண்ணில் பெய்துவிட்டுப் போயிருக்கும். அருஞ்சுனைக்கு அப்போதுதான் அந்த மூன்று எட்டு புரிந்தது. ஊர் விதியை நொந்துகொண்டு அங்கே இங்கே விதை வாங்கி மறுபடி விதைத்தது. அடுத்த காட்டுக்காரர், முறைக்கு மச்சானான வெள்ளத்துரை மட்டும் மறுபடி விதைக்கவில்லை. ஒரு நாள் காலையில் பெண்டாட்டி முத்துப்பேச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வீரசோழன் பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து அருஞ்சுனை வீரசோழன் சந்தைக்குப் போவதில்லை. ஒரு குண்டூசி வாங்குவதானாலும் அருப்புக்கோட்டைக்குத்தான் போவார்.

அடுத்த வருஷத்திலிருந்து அவர் ஒரு தந்திரம் செய்தார். குந்துகல்லில் உட்கார்ந்து பார்ப்பார், சூரியன் சந்தில் வரும், ஏழு நாள் கூட்டிக்கொண்டு ஊருக்குச் சொல்வார். நாள் சரியாக வந்தது. யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆறு வருஷமாக, "நாளாச்சு" என்று சொல்கிறபோதெல்லாம் அவருக்குக் குரல் கம்மும். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது.

ஆவணி முப்பது. அன்று அருஞ்சுனை குந்துகல்லுக்குப் போகாமல் இருட்டிலேயே கண்மாய்ப் பக்கம் போய்விட்டிருந்தார். விடிகிற நேரத்தில் டீச்சரம்மா முருகேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். "நான் அதுல உட்காரலாமா அக்கா?" என்று கேட்டார். முருகேஸ்வரி ஒரு கணம் யோசித்தாள். அவளே உட்கார்ந்தது கிடையாது. "உக்காருங்க. கல்லு என்ன, நெருப்பா," என்றாள். கிழக்கு வெளுத்துச் சிவந்தது. வாசக்கல்லின் சந்தில், நடுவில், அளந்து வைத்த மாதிரி சூரியன் எழுந்தது. டீச்சரம்மா கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"நான் போட்ட கணக்கு இதேதான். ஆனா நீங்கல்லாம் புரட்டாசி ஆறுங்கிறீங்க. ஏழு நாள் எங்கேக்கா போச்சு?"

முருகேஸ்வரிக்கு எங்கே போச்சு என்று தெரியவில்லை. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது.

அன்று மத்தியானம் முற்றத்தில் உட்கார்ந்து பருத்தி விதையைச் சாணிப்பாலில் பிசறிச் சாம்பலில் புரட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா கணக்கைச் சரிபார்க்கிறேன் என்று மறுபடி காட்டுக்குப் போயிருந்தார். அருஞ்சுனை எதிரில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்ட விதைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கே சூரியன் சந்துல வந்துருச்சு," என்றாள் முருகேஸ்வரி. "என் கண்ணால பாத்தேன்."

அவர் இன்னொரு விதையைப் பிரித்துப் போட்டார்.

"நீங்க இன்னும் ஏழு நாளு கழிச்சுத்தான் சொல்லப் போறீக. ஒவ்வொரு வருசமும் அப்படித்தான் சொல்லுதீக. அப்ப தெனமும் விடியாம எந்திரிச்சுப் போயி அங்க என்னத்தப் பாத்தீக?"

"கல்லு எடம் மாறிப் போச்சு முருகேசு."

"கல்லுக்குக் காலா இருக்கு?"

அவர் சொன்னார். டிராக்டர், டிரைவர், சங்கிலி, மூன்று எட்டு, எல்லாம். சொல்லும்போது கையில் இருந்த விதையைக் கீழே போடாமலே வைத்திருந்தார். முடிந்ததும் சாணிக் கையை ஓலைப் பாயில் துடைத்துக்கொண்டாள்.

"கல்ல மாத்துனதக்கூட விட்டுருவேன். ஏழு வருசமா என் கையால சோறு வாங்கித் தின்னுருக்கீக. ஒரு நாளு ஒரு வார்த்த சொல்லல. வெள்ளத்துரை அண்ணன் போனப்ப நான் வாசல்ல நின்னு அழுதேன். நீங்க பக்கத்துல நின்னு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தீக."

"எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல."

"இப்பத் தெரியுதா?"

"ஊருல சொல்லிரவா?"

முருகேஸ்வரி எழுந்து தெருவை எட்டிப் பார்த்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பயம் அதைவிடப் பெரியதாக வந்தது. "வேண்டாம்," என்றாள். "உங்க அப்பா, அவுக அப்பான்னு தலமுறையாச் சொன்ன வாயி. நாளைக்கு ஊரு காறித் துப்புச்சுன்னா நீங்க தாங்க மாட்டீக. டீச்சரம்மா ஊருக்குப் போயிருவாக. அதோட போகட்டும்."

அவர் தலையாட்டினார். அவருக்கு அது போதும் போலத்தான் இருந்தது.

ஆனால் டீச்சரம்மா சும்மா போகிறவர் இல்லை. மறுநாள் ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருந்தது. ஊர்ப் பெண்களும் ஆண்களும் கேனோடு கடை வாசலில் நின்றார்கள். பெரியவர்களைக் கேட்டுவிடலாம் என்று டீச்சரம்மா நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனார். ஊரில் மூத்தவரான சோலைச்சாமி கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம், சூரியன் நேற்றே சந்தில் வந்துவிட்டதைச் சொன்னார்.

சோலைச்சாமி சிரித்தார். "டீச்சரம்மா, எனக்கு எழுபத்தாறு வயசு. ஆறு, இல்லாட்டி ஏழு. இதுதான் நாளு. ஒரே ஒரு வருசந்தான் முந்திச்சு, அந்த வருசம் ஊரு நாசமாப் போச்சு. உங்க கணக்குல எங்கயோ கோளாறு இருக்கு."

"கணக்கு மட்டும் இல்லைங்க, நேர்ல பார்த்தேன்."

"டீச்சரம்மா தூக்கக் கலக்கத்துல நிலாவப் பாத்துருப்பாக," என்றாள் ஜக்கம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜக்கம்மாள் புருஷன் இல்லாமல் துண்டுக் காட்டை விதைத்தும் ஆடு மேய்த்தும் பிழைக்கிறவள். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவள் வாயைத் திறந்தால் கூட்டம் சிரிப்பதற்குத் தயாராக நிற்கும்.

டீச்சரம்மாவின் முகம் சிறுத்துவிட்டது. நோட்டைப் புரட்டினார், மூடினார். "சரிங்க. நான் அளந்ததுல தப்பு இல்ல. அப்ப இந்தக் கல்லுக்கும் உங்க விதைப்பு நாளுக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் நான் எழுதணும்," என்றார்.

கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. அது ஊருக்குப் பிடிக்கவில்லை. கேனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்ற அருஞ்சுனைக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. அப்பா உட்கார்ந்த கல், தாத்தா உட்கார்ந்த கல். அது பொய் என்று மதுரையில் அச்சடித்துப் போடப்போகிறார்கள். நான்கு நாளாக வெயிலில் வெந்து சரியாக அளந்த ஒரு பொம்பளைப் பிள்ளையை ஊர் கூடி நின்று கேலி செய்கிறது. இரண்டுக்கும் காரணமானவன் பாமாயிலுக்கு நிற்கிறான். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"டீச்சரம்மா கணக்குல தப்பு இல்ல," என்றார். "கல்லுலயும் தப்பு இல்ல. நாந்தான் குந்துகல்ல எடம் மாத்தி நட்டேன். எம்பத்தி நாலுல. உங்க வெதையெல்லாம் போனது என்னாலதான்."

ரேஷன் கடைக்காரர் அளப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அருஞ்சுனை மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறவரை யாரும் அசையவில்லை. முதலில் வாயைத் திறந்தவள் ஜக்கம்மாள்தான்.

"ஒம்பது ஆடுலே," என்றாள். "ஒம்பது உருப்படிய ஓட்டிக்கிட்டுப் போயி வித்துத்தான் மறுவெதைக்கு வழி பண்ணேன். அதுல ரெண்டு சினையாடு. நானும் காளியாத்தா கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சு அவளுக்குப் பொங்க வச்சேன். அந்தப் பொங்கல நீயும் வந்து தின்ன. வாயத் தொடச்சுக்கிட்டுப் போன. உனக்கு எப்படிலே தொண்டையில எறங்குச்சு?"

"எறங்கல அக்கா."

"பேசாத."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாமாயில் வாங்காமலே போய்விட்டாள். கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். இனி இவன் வாயால் நாள் கேட்பதா என்றார் ஒருவர். அதான் ஆறு வருஷம் சரியாகச் சொன்னானே என்றார் இன்னொருவர். சோலைச்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"வெள்ளத்துரைட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"நாங்கள்லாம் கெட்டும் இங்கனதான் கெடக்கோம். அவன் ஊர விட்டே போனான். எங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? மொதல்ல அங்க போ. போயிட்டு வந்து நாளச் சொல்லு. அதுவரைக்கும் நீ சொல்ற நாள நாங்க கேக்க மாட்டோம்."

டீச்சரம்மாதான் அதிகம் தவித்துப்போனார். "என்னால வந்ததுக்கா," என்று முருகேஸ்வரியிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். "உங்களால வரல. எங்க வீட்ல இருந்ததுதான் வெளிய வந்துச்சு. காப்பியக் குடிங்க," என்றாள் முருகேஸ்வரி. ஊர் காறித் துப்பவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மூவரும் காட்டுக்குப் போனார்கள். அருஞ்சுனை எட்டு வைத்து, உத்தேசமாக ஒரு இடத்தைக் காட்டினார். டீச்சரம்மா கருவியில் பார்த்து, இன்னும் ஒரு சாண் வடக்கே என்றார். கடப்பாறையால் குத்தித் தோண்டியதும் ஒரு முழ ஆழத்தில் வட்டமாக அடைகற்கள் தட்டுப்பட்டன. கல் ஆடாமல் இருக்க அந்தக் காலத்தில் எவரோ சுற்றிலும் முட்டுக்கொடுத்து வைத்தவை. டீச்சரம்மா மண்ணில் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் வாசக்கல்லின் சந்து நேர்கிழக்கு, அதில் சூரியன் எழுவது பகலும் இரவும் சரிசமமாக இருக்கிற நாளில் என்று சொன்னார்.

"இப்ப நிச்சயமா எழுதலாமா?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"இருக்கலாம்னுதான் எழுதுவேன்," என்றார் டீச்சரம்மா. ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அருஞ்சுனை வீரசோழன் பஸ் ஏறினார். ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். அதைக் கடக்க அவருக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. கடைத்தெருவில் விசாரித்ததும் கொத்தமல்லி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியைக் காட்டினார்கள். உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் வெள்ளத்துரை கோணி ஊசியால் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவர் ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டு எழுந்தார்.

"வா மச்சான். உக்காரு."

"உக்கார வரல. ஒரு விசயம் சொல்லணும்."

"சாக்கு மேல உக்காந்து சொல்லு. மல்லி ஒண்ணும் பண்ணாது."

அருஞ்சுனை நின்றுகொண்டே சொன்னார். நேற்று ஊரில் சொல்லியாகிவிட்டது, இங்கே சுலபமாக வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. இரண்டு தடவை நின்று நின்று சொன்னார். "உன் குடும்பத்த இப்படி அடுத்த ஊருல சாக்கு தைக்க விட்டவன் நாந்தான் மச்சான்," என்று முடித்தார்.

வெள்ளத்துரை கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த சணலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ நட்டதப் பாத்தேன். நான் கல்யாணத்துக்குப் போகல. என் காட்டு உடைமரத்தடியில படுத்துக் கெடந்தேன். டிராக்டரு கல்ல இழுத்தது, நீங்க ரெண்டு பேரும் குழி தோண்டுனது எல்லாத்தையும் பாத்தேன்."

அருஞ்சுனை பக்கத்திலிருந்த மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"நீ ஆவணியிலயே வந்து நாளாச்சுன்னு சொன்னப்ப நானும் கூட்டத்துல நின்னேன் மச்சான். எனக்கு அங்கனயே சுருக்குனுச்சு. வாயத் தெறந்திருந்தா ஊரு வெதைச்சிருக்காது. நாலு பேரு முன்னால உன் மானத்த வாங்கணுமேன்னு பேசாம இருந்துட்டேன். மூணு எட்டுல என்ன ஆகிறப் போகுதுன்னும் நெனச்சேன். அப்புறம் ஜக்கம்மா அக்கா ஒம்பது ஆட்டையும் ஓட்டிக்கிட்டு என் வாசலத் தாண்டித்தான் போனா. கயித்தப் பிடிச்சுக்கிட்டு, போயிட்டு வாரேன் தம்பின்னு சொல்லிட்டுப் போனா. அதுக்கப்புறம் அந்த ஊருல எனக்குத் தூக்கம் வரல. நான் பஞ்சத்துக்கு இங்க வரல. அக்கா மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் வந்தேன்."

அருஞ்சுனைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது துக்கமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே சுமையை ஆளுக்கு ஒரு ஊரில் வைத்துச் சுமந்திருக்கிறார்கள். ஒரு பஸ் டிக்கெட்டுத் தூரத்தில் இருந்துகொண்டு.

"ஊருல என் பேரச் சொன்னியா?" என்று கேட்டார் வெள்ளத்துரை.

"எனக்கே இப்பத்தான தெரியுது."

"அப்ப நான்தான் வந்து சொல்லணும்."

"வேண்டாம் மச்சான். நான் சொல்லியாச்சு. அதோட முடிஞ்சது."

"நீ சொன்னது உன்னோடது," என்றார் வெள்ளத்துரை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். முன்பக்கம் போய், "முதலாளி, ஊரு வரைக்கும் போயிட்டு வாரேன்," என்றார். முதலாளி தராசிலிருந்து நிமிர்ந்தார். "ஏழு வருசத்துல இப்பத்தான் லீவு கேக்குற. போயிட்டு வா. வீட்டுக்கு நான் சொல்லி விடுறேன்," என்றார்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்றார் ஒருவர். ஆமாம் என்றார் இன்னொருவர். ஊர் விலக்கில் இறங்கி நடக்கும்போது வெள்ளத்துரை இரண்டு இடத்தில் நின்றார். காலில் முள் குத்தியதாகச் சொன்னார். அருஞ்சுனையும் நின்றார். முள்ளை யாரும் தேடவில்லை.

ஜக்கம்மாள் வீட்டு முன்னால் கொட்டிலில் ஆடுகளுக்கு வேப்பிலைக் கொழை கட்டிக்கொண்டிருந்தாள். இருவரையும் சேர்ந்து பார்த்ததும் கை நின்றுவிட்டது. வெள்ளத்துரை கொட்டில் வாசலிலேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, உடைமரத்தடியில் படுத்திருந்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் அக்கா என்றார். ஆடுகள் கொழைக்காக அவள் சேலையை இழுத்துக்கொண்டிருந்தன.

ஜக்கம்மாள் வெள்ளத்துரையைப் பார்த்தாள். அருஞ்சுனையைப் பார்த்தாள். அப்புறம் அவர்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன பேருலே இருக்கீக?" என்றாள். "இருந்தா எல்லாரும் இன்னைக்கே வந்து சொல்லிட்டுப் போங்க. வெதைக்கிற நாளு நெருங்கிருச்சு. அழுதுக்கிட்டிருக்க எனக்கு நேரமில்ல."